சந்திரனை அளந்த "சர்வேயர்"

தஞ்சைச் சீமையில் நிலம் வாங்குகிறவர், பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்க மாட்டார். வரப்பில் இறங்கி நடப்பார். எது மேடு, எது பள்ளம், தண்ணீர் ஏறிப் பாயுமா என்று பார்ப்பார். பிறகுதான் விலைப் பேச்சு!

சந்திரனில் இறங்குவதற்கும் இதே வழிதான். ஆனால் அங்கே போய் நடந்து பார்க்க முடியுமா? மேலே சுற்றிக்கொண்டே அளக்க வேண்டும். நமக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தது, சந்திரயான்-2 விண்கலம்.

விழுந்தது ஒன்று, நின்றது ஒன்று

2019-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அது ஸ்ரீஅரிகோட்டாவில் இருந்து புறப்பட்டது. செப்டம்பர் 7-ந் தேதி அதிகாலையில், அதில் இருந்து பிரிந்து இறங்கிய "விக்ரம்" கலம் தரையில் மோதி நொறுங்கியது. நாடே துக்கப்பட்டது. "எல்லாம் போயிற்று" என்று பலர் பேசினார்கள். அது தவறு. தாய்க்கலம் பழுதில்லாமல் சந்திரனைச் சுற்றிக்கொண்டு இருந்தது. ஓர் ஆண்டு உழைக்க அனுப்பப்பட்ட கலம் அது. எரிபொருள் மிச்சமானதால் ஏழு ஆண்டு வரை உழைக்கும் என்று இஸ்ரோ அப்போது அறிவித்தது.

எப்படி அளக்கிறது?

100 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம் அது சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். கீழே சந்திரன் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த பட்டை நிலம் காமிராவுக்கு நேரே வருகிறது. வயலில் சால் ஓட்டுவதைப் போல!

ஒரே இடத்தை இரண்டு கோணங்களில் படம் பிடித்தால், மேட்டின் உயரத்தையும் குழியின் ஆழத்தையும் கணக்கிடலாம். இரண்டு கண்ணால் பார்ப்பதால்தானே நமக்குத் தூரம் தெரிகிறது? மிகக் கூர்மையான காமிராவில், தரையில் 25 சென்டிமீட்டர் இடம் படத்தில் ஒரு புள்ளி ஆகிறது.

9 வேலி எங்கே, 350 வேலி எங்கே!

விக்ரம் இறங்க 2019-ல் குறித்த இடம், 500 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம். தஞ்சைக் கணக்கில் 9 வேலிக்குச் சற்று அதிகம். என்ஜின்களின் விசை கணக்கை மிஞ்சிவிட்டது. பிழை மேல் பிழை சேர்ந்தது. அந்த நிலையிலும் அந்தச் சிறு இடத்தையே எட்ட முயன்றதும் விபத்துக்கு ஒரு காரணம் என்று, இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் பின்னர் விளக்கினார்.

அடுத்து வந்த சந்திரயான்-3க்கு, 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் ஒதுக்கினார்கள். 350 வேலிக்கு மேல்! அங்கே பாறை எது, குழி எது என்று தாய்க்கலத்தின் படங்கள் காட்டிக் கொடுத்தன. இறங்கும் கலத்துக்குள்ளேயே ஒரு சந்திர வரைபடத்தையும் வைத்து அனுப்பினார்கள். கலத்தின் காமிரா கீழே பார்த்தது. அந்தக் காட்சி வரைபடத்தோடு ஒப்பிடப்பட்டது. தான் இருக்கும் இடத்தைக் கலம் தானே அறிந்துகொண்டது. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி மாலை, அது பத்திரமாகத் தரை தொட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், நம் விழுப்புரத்துக்காரர்.

அடுத்தது மண்!

சந்திர மண்ணை அள்ளி வர, சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. இந்தத் தடவை இறங்கினால் மட்டும் போதாது. மண்ணோடு மீண்டும் கிளம்ப வேண்டும். கலம் சாய்ந்து நின்றால் கிளம்புவது கஷ்டம். மேடு பள்ளம் இல்லாத தரையாகப் பார்க்க வேண்டும். அதையும் படங்களை விரித்து வைத்துத்தான் தேட வேண்டும்.