ஏற்றலும் தாங்கலும்

ஒருவன் ஒரு பொருளைக் காக்குமாறு பிறர் தன்னிடம் ஒப்புவித்தபோது, "பெற்றுக்கொண்டேன்" என்று கூறுதல் வேறு. வேண்டுங்கால் அதனைப் பழுதின்றித் திருப்பித் தருதல் வேறு. முன்னது சொல், பின்னது செயல். இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் உலகியலில் இழப்புறுவது போலவே கணினித் துறையிலும் இழப்புறுகின்றனர். இவ்வுண்மையை ஸ்வாப் கோப்பு என்னும் ஒரு சிறு பொருளை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார்க்கு விடை, கட்டுரையின் ஊடே தானே புலப்படும்.

கணினியின் நினைவகம் ஓர் எல்லைக்கு உட்பட்டது. பல நிரல்கள் ஒருங்கே இயங்குங்கால் அவ்விடம் போதாதாகின்றது. அந்நிலையில் உடனடியாக வேண்டாத பகுதிகளை வட்டில் எழுதிவைத்து, வேண்டும்போது மீட்டுக்கொள்வது ஓர் ஏற்பாடு. இவ்வாறு பெயர்த்துவைக்கப்படும் பகுதிக்குப் பக்கம் என்று பெயர். அது பெரும்பாலும் 4,096 பைட்டு அளவினது. சிறிய விரைவான நினைவகத்தையும் பெரிய மந்தமான சேமிப்பிடத்தையும் ஒன்றே போல் காட்டும் இக்கருத்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1962-ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் என்னும் கணினியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. லினக்ஸில் இதற்கென வட்டின் ஒரு பகுதியைத் தனியே பிரித்து வைப்பது முன்னாளைய வழக்கம். ஒரு சாதாரணக் கோப்பையே அதற்கு அமைத்துக்கொள்வது மற்றொரு வழக்கம். கோப்பாயின் வேண்டியபோது பெருக்கலாம், குறைக்கலாம், நீக்கலாம். 2017-ஆம் ஆண்டு வெளிவந்த உபுண்டு 17.04 முதற்கொண்டு அவ்வமைப்பும் கோப்பு முறையையே இயல்பாக மேற்கொள்ளலாயிற்று.

"நினைவகம் மலிந்த இக்காலத்தில் ஸ்வாப் எதற்கு?" என்று சிலர் கேட்பர். வசதியுடையார்க்கு அக்கேள்வி பொருந்தும். ஆனால் நம் மாணவருள் பலர் 4 ஜிபி நினைவகமுடைய பழைய மடிக்கணினிகளைக் கொண்டே தம் கட்டுரைகளை எழுதுகின்றனர். நினைவகம் அறவே தீர்ந்துவிடின், லினக்ஸ் தானே ஒரு நிரலைத் தேர்ந்து அதனை முடித்துவிடும். முடிக்கப்படுவது நம் கட்டுரை எழுதப்படும் நிரலாகவும் இருக்கலாம். ஆதலின், எளிய கணினியை உடையார்க்கு ஸ்வாப் அணிகலன் அன்று; ஊன்றுகோல். ஊன்றுகோல் முறியுமோ என்பதை நடக்குமுன் அறிதல் வேண்டும்.

ஸ்வாப் கோப்பின் செயல்முறையைச் சற்று உற்று நோக்குவோம். கோப்பினை இயக்குமாறு கட்டளையிட்டவுடன், லினக்ஸின் கெர்னல் அக்கோப்பின் ஒவ்வொரு பகுதியும் வட்டில் எவ்விடத்தில் உள்ளது என்று கோப்பு முறைமையை வினவுகின்றது. பெற்ற விடைகளைக் கொண்டு ஒரு முகவரிப் பட்டியல் வகுத்துக்கொள்கின்றது. அதன்பின் கோப்பு முறைமையைக் கேளாமலே, அம்முகவரிகளில் நேராக எழுதவும் படிக்கவும் செய்கின்றது. இதனால் விரைவு மிகும். ஆயின், இம்முறை முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கின்றது: பட்டியலில் எழுதிய முகவரி மாறாது என்பதே அந்நம்பிக்கை. வீட்டார் குடிபெயர்ந்து வேறொருவர் குடிபுகுந்த பின்னரும் பழைய முகவரிக்கே சுமையைக் கொண்டுபோய் இறக்கினால் என்ன நேரும்? வந்தவர் பொருளும் கெடும். சென்றவர் பொருளும் சேராது.

இந்நம்பிக்கைக்கு எல்லாக் கோப்பு முறைமைகளும் ஒரே தன்மையில் இடந்தருவன அல்ல. எக்ஸ்ட்4 என்பது எழுதிய இடத்திலேயே மீண்டும் எழுதும் இயல்பினது. ஆதலின் இடைவெளியின்றி முழுதும் எழுதப்பட்ட கோப்பை அது தடையின்றித் தாங்கும். எக்ஸ்.எப்.எஸ். என்பதும் அத்தகையதே. எனினும், இடம் மட்டும் ஒதுக்கப்பட்டு இன்னும் எழுதப்பெறாத கோப்பு, 2018-ஆம் ஆண்டின் லினக்ஸ் 4.18 முதற்கொண்டே அதன்கண் ஸ்வாப்புக்கு உரியதாயிற்று. என்.எப்.எஸ். வழியாகப் பிறிதொரு கணினியில் உள்ள கோப்பை ஸ்வாப்பாகக் கொள்வதற்கு 2012-ஆம் ஆண்டின் லினக்ஸ் 3.6 தனியொரு வழி வகுத்தது. நினைவகத்திலேயே வாழும் டி.எம்.பி.எப்.எஸ். என்பதில் வைத்த கோப்போ ஸ்வாப்பாக ஏற்கப்படுவதில்லை. ஏற்கப்படாமையே முறை, வெள்ளத்துக்கு அஞ்சியவன் அவ்வெள்ளத்தின் மேலேயே வீடு கட்டலாமோ?

இவற்றுள் நமக்குச் சிறந்த பாடம் கற்பிப்பது பட்டர் எப்.எஸ். எனப்படும் முறைமையே. இது ஒரு பகுதியை மாற்றும்போது பழைய இடத்தில் எழுதாது, புதிய இடத்தில் எழுதி முகவரியை மாற்றிக்கொள்ளும். அன்றியும், ஒரு கோப்பினைப் பல வட்டுகளில் பரப்பி வைக்கவும் வல்லது. ஆகவே அது தரும் எண்கள் வட்டின் உண்மையான இடத்தைச் சுட்டுவன அல்ல. இதனை உணராது கெர்னல் எழுதப் புகுந்தால் பிற கோப்புகள் அழியும். 2009-ஆம் ஆண்டில் இம்முறைமை லினக்ஸில் சேர்ந்த காலத்திலேயே அதனை இயற்றியோர் இவ்விடரைக் கண்டு, முகவரி கூறும் அவ்வுறுப்பையே நீக்கிவிட்டனர். அன்றுமுதல் ஸ்வாப் கோப்பை இயக்க முயல்வார்க்குப் பிழைச் செய்தியே விடையாயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து, 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த லினக்ஸ் 5.0 பதிப்பிலேதான் தக்க நிபந்தனைகளுடன் அவ்வசதி தரப்பட்டது. கோப்பு, புதிய இடத்தில் எழுதும் இயல்பு நீக்கப்பட்டதாதல் வேண்டும்; சுருக்கப்படாததாதல் வேண்டும்; ஒரே வட்டில் அமைந்ததாதல் வேண்டும். அது இயங்கும்போது, அதனை உட்கொண்ட பகுதியை அந்நிலையில் நகலெடுத்து வைக்கவும் இயலாது.

அப்பத்தாண்டு மறுப்பைக் குறையெனப் பழித்தோர் இருக்கலாம். யாம் அதனைப் பெருமை என்றே கருதுகின்றோம். இயலாததை இயலாது என்று கூறிய முறைமை எவர் பொருளையும் கெடுக்கவில்லை. இயலும் என்று இனிது கூறிப் பின்னர் அழிக்கும் முறைமையினும் அது ஆயிரம் மடங்கு நல்லது. பொய்யான உடன்பாட்டினும் மெய்யான மறுப்பே மேன்மையுடையது என்பதே யாம் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

இனி, சோதனை எவ்வாறு அமைதல் வேண்டும்? இங்குத்தான் தமிழ் மாணவர்க்கு உரிய இடம் தோன்றுகின்றது. நம் உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்துக்கு உதாரணம் காட்டுவதோடு அமைந்தாரல்லர். அவ்விதி செல்லாத இடம் யாது, ஒரு சொல்லை நீக்கினால் நேரும் குற்றம் யாது என்றும் தடை எழுப்பி விடை கண்டனர். ஸ்வாப் சோதனையும் அந்நெறியினதே. முழுதும் எழுதிய கோப்பு ஏற்கப்படுகின்றதா என்று பார்ப்பது உதாரணம். இடையிடையே துளையுள்ள கோப்பு மறுக்கப்படுகின்றதா என்று பார்ப்பது எதிர்மறை உதாரணம். இயங்கும் கோப்பை அழிக்கவும், குறைக்கவும், அதன்மேல் எழுதவும் முயன்று, அம்முயற்சிகள் தடுக்கப்படுகின்றனவா என்று காண்பதும் அத்தகையதே. எக்ஸ்.எப்.எஸ். முறைமைக்கெனத் தோன்றிப் பிற முறைமைகளுக்கும் உரியதாய் வளர்ந்த எக்ஸ்.எப்.எஸ். டெஸ்ட்ஸ் என்னும் சோதனைத் தொகுதியிலும், மறுக்கப்பட வேண்டியவற்றை ஆராயும் சோதனைகள் இடம்பெற்றுள்ளன.

இவ்வளவும் செய்த பின்னரும் சோதனை பாதியே முடிந்ததாகும். கட்டளை பிழையின்றி முடிந்தது, இயங்கும் ஸ்வாப்புகளின் பட்டியலில் பெயர் தோன்றியது என்பவற்றால் தெரிவது ஏற்றல் மட்டுமே. தாங்கலை அறியச் சுமை ஏற்றுதல் வேண்டும். இருக்கும் நினைவகத்தினும் மிக்க இடத்தைக் கொள்ளும் ஒரு சிறு நிரலை இயக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் வெவ்வேறு குறியை எழுதி, மீளப் படித்து ஒப்பிடுதல் வேண்டும். பின்னர் ஸ்வாப்பை நிறுத்தி, பக்கங்கள் யாவும் திரும்பினவா என்றும், அக்கோப்பு முறைமையிலுள்ள பிற கோப்புகள் முன்னிருந்தபடியே உள்ளனவா என்றும் ஆராய்தல் வேண்டும். சுமையின் இன்றியமையாமைக்கு இசட்.எப்.எஸ். சான்று. லினக்ஸில் அதன்மேல் உள்ள கோப்பு ஸ்வாப்பாக ஏற்கப்படுவதில்லை. அது தரும் தனிப்பகுதி ஏற்கப்படும். ஆயினும் நினைவக நெருக்கடி மிக்க வேளையில், ஸ்வாப்பில் இடம் எஞ்சியிருப்பினும் கணினி உறைந்துபோதல் கூடும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கின்றது. எழுதுவதற்கே நினைவகம் வேண்டுவதொன்று, நினைவகம் இல்லாத வேளையில் எவ்வாறு உதவும்? அமைதியான நேரத்துச் சோதனையில் இக்குறை ஒருபோதும் வெளிப்படாது.

இச்சோதனைகளை அரிய கோப்புகள் உள்ள கணினியில் நிகழ்த்தலாகாது. மெய்நிகர் கணினி ஒன்றில் நிகழ்த்துதலே அறிவுடைமை. ஸ்வாப் கோப்பைப் படிக்கும் உரிமை நிர்வாகிக்கன்றிப் பிறர்க்கு இல்லாதிருக்கின்றதா என்பதையும் நோக்குதல் நன்று. நினைவகத்தில் இருந்த மறைமொழிகளும் கடிதங்களும் அதனுள் வந்து தங்குவன அன்றோ?

"இவற்றையெல்லாம் கெர்னல் இயற்றுவோர் சோதிக்கின்றனரே, மாணவர்க்கு ஏன் இவ்வேலை?" என்பது ஒரு தடை. அவர்கள் தம் பதிப்பைத் தம் கணினிகளில் சோதிக்கின்றனர். நாம் ஆளும் பதிப்பு வேறு, வட்டு வேறு, அமைப்பும் வேறு. அன்றியும், இந்நான்கு கட்டளைகளை இட்டால் போதும் என்று கூறும் குறிப்புகளை நம்மவர் கைக்குக் கை படியெடுத்துக் கொள்கின்றனர். நும் கோப்பு முறைமை யாது, கெர்னலின் பதிப்பு யாது என்று முதற்கண் வினவும் குறிப்புகள் சிலவே. நோயாளியைப் பாராது மருந்து எழுதும் மருத்துவத்தை ஒத்தது இது.

ஆகவே யாம் ஒன்று வேண்டுகின்றோம். நம் கல்லூரியின் கணினி அறிவியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடி, ஒவ்வொரு கோப்பு முறைமையையும் மேற்கூறிய நெறியில் சோதித்து, பதிப்பெண்ணுடன் ஓர் அட்டவணை வகுத்தல் வேண்டும். அதனை எளிய தமிழில் எழுதிக் கணினிக்கூடத்தின் சுவரில் இடுதல் வேண்டும்; புதிய பதிப்பு வருந்தோறும் திருத்துதலும் வேண்டும். அறிவியலார் சோதனையைத் தருக. தமிழார் ஐயமற விளங்கும் சொல்லைத் தருக. ஏற்றது என்பதற்கு ஒரு நிரலும், தாங்கியது என்பதற்கு மற்றொரு நிரலும் அவ்வட்டவணையில் தனித்தனியே இருத்தல் வேண்டும். மறுத்தது என்று எழுத நேரும் இடத்தில் நாணுதற்கு ஒன்றுமில்லை. தாங்காத ஒன்றைத் தாங்கும் என்று எழுதுதலே நாணத்தக்கது.