ஆலைக் கொக்கியும் மலைக் கயிறும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உயரத்தில் வேலை பார்க்கும் பையன்களுக்கு பெல்ட்டும் கொக்கியும் பழக்கம்தான், பாறையேற்றத்தைத் தனியாகக் கற்பிக்க வேண்டாம் என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது.

ஆலையில் கொக்கி மாட்டும் இரும்புச் சட்டம் யாரோ கணக்குப் போட்டு நிறுத்தியது. மரபுவழிப் பாறையேற்றத்தில் அப்படி எதுவும் காத்திருப்பதில்லை. முன்னால் ஏறுபவரே விரிசல் பார்த்து உலோக ஆப்பைச் செருகி, கயிற்றைக் கோத்துக்கொண்டு போக வேண்டும். கடைசி ஆப்புக்கு 3 மீட்டர் மேலே வழுக்கினால் 6 மீட்டருக்கும் கூடுதலாக விழுவார். அந்த அதிர்ச்சியை நீண்டு கொடுத்துத் தாங்கும் கயிறு வேண்டும். நீளாத கயிறு அதை அப்படியே உடம்பிலும் ஆப்பிலும் இறக்கும். பல கட்டமாக ஏறும் உயரப் பாறையிலோ, நடுவழியில் நங்கூரம் கட்டி இருவரின் உயிரையும் அதில் தொங்கவிட வேண்டும்.

பூண்டி அருகே குடியம் குகைப் பாறையில் பழகலாம் என்பது அதைவிட ஆபத்து. அது கூழாங்கல் பதிந்து இறுகிய பாறை. ஆப்போடு கல்லும் பெயர்ந்து வரலாம். கற்கால மனிதர் தங்கிய இடம் வேறு.

தரையில் நின்று ஆப்பு செருகப் பழகுங்கள். பிறகு தேர்ந்தவர் பின்னால் ஏறி, அவர் செருகியதைக் கழற்றிப் பாருங்கள். உத்தரகாசியில் 1965 முதல் நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. தம்பிகளே, அங்கே விண்ணப்பியுங்கள்.