கிழிந்தது படி ஓலை!

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் ஓர் ஓலை நினைவுக்கு வரும். மணக்கோலத்தில் நின்ற சுந்தரரைத் தடுத்து, நீ எனக்கு அடிமை என்றார் ஒரு கிழ வேதியர், ஓலையையும் காட்டினார். மணமகன் வெகுண்டு அதைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். கிழவர் கலங்கினாரா? இல்லை! கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். வழக்கு நம் ஊர் அவைக்கு வந்தது. கையெழுத்து பாட்டனுடையதே என்று கண்டனர். பேரன் அடிமையே என்று தீர்த்தனர்.

சேக்கிழார் பாடிய கதை இது. பக்தர்கள் இதில் அருளைக் காண்கின்றனர், காணட்டும். நாம் காண்பது அதன் நியாயத்தை! பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்ற அந்த நியாயத்துக்குத்தான் இந்த நாட்டில் சாதி என்று பெயர்.

அந்த ஓலையைக் கடல் கடந்த நகரில் கிழித்தெறிய முன்னின்றவர் ஒரு பெண். பெயர் க்ஷமா சாவந்த். 1973இல் புனேயில், தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்தவர். அமெரிக்கா சென்று பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 2010இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். 2013இல், சியாட்டில் நகர மன்றத் தேர்தலில், 'சோஷலிஸ்ட் ஆல்டர்னேட்டிவ்' என்னும் சிறு கட்சியின் வேட்பாளராக நின்றார். எதிரே, 16 ஆண்டுகள் மன்றத்தில் அமர்ந்திருந்தவர்! வந்தேறி, பெண், சமதர்மி — வெல்வாளா என்றனர், வென்றார்!

எதைச் சொல்லி வென்றார்? உழைப்பவனுக்கு மணிக்கு 15 டாலர் கூலி என்றார். கடைகள் மூடிப்போகும் என்று முதலாளிகள் மிரட்டினர். 2014 ஜூனில் அதுவே நகரச் சட்டமாயிற்று. படிப்படியாக நடைமுறைக்கும் வந்தது. தம் ஊதியம் ஏறத்தாழ 1,17,000 டாலரில் 40,000 மட்டுமே எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் போராட்டங்களுக்கு ஒதுக்கினார். 2021இல் அவரைத் திரும்ப அழைக்க வாக்கெடுப்பு நடத்தினர். சுமார் 300 வாக்குகளில் தப்பினார்.

2023 பிப்ரவரி 21 அன்று, அவர் கொண்டுவந்த மற்றொரு சட்டம் 6க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறிற்று. வேலையில், வீடு வாடகைக்கு விடுவதில், பொது இடங்களில் சாதி பார்ப்பது குற்றம்! அமெரிக்க நகரங்களில் இத்தகைய சட்டம் அதுவே முதல். அன்புக்குரிய தம் பாட்டனாரே வேலைக்காரப் பெண்ணை இழிசொல்லால் அழைத்ததைச் சிறுவயதில் கண்டதாக அவரே கூறியிருக்கிறார். பாட்டனின் ஓலையைப் பேத்தி மறுத்தாள் — இதுவன்றோ வீரம்!

ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது இச்சட்டம் என்று அங்கே சிலர் கூவினர். திருட்டைத் தடுக்கும் சட்டம் ஊரையே திருடர் என்கிறதா? சாதி பாராதவனுக்கு இச்சட்டத்தால் என்ன கேடு? ஆயினும் அந்தக் கூக்குரல் வீண்போகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாச் சட்டமன்றம் நிறைவேற்றிய இதுபோன்றதொரு மசோதாவை அம்மாநில ஆளுநர் ஏற்க மறுத்தார். கடல் தாண்டியும் ஓலைக்குக் காவலர் உண்டு!

தமிழ்ப்பெண் அமெரிக்காவில் வென்றாள் என்று மார்தட்டும் நண்பர்களே! உங்களை ஒன்று கேட்கிறோம். அவருடைய பிறப்பைப் பாராட்டுகிறீர்களா, கொள்கையையா? பிறப்பை என்றால், அதுவும் ஓலை பார்க்கும் புத்திதான். கொள்கையை என்றால், சியாட்டில் வரை போகவேண்டாம். நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதிக்கு வாருங்கள். சியாட்டிலில் சட்டம் பிறந்த அதே 2023இல், ஏப்ரலில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த ஆதிதிராவிட இளைஞர்கள் தாக்கப்பட்டனர். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குப் பூட்டுப் போட்டு முத்திரையிட்டனர். நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே கதவு திறந்தது. தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அரசமைப்பின் 17ஆம் பிரிவு 1950 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது!

அங்கே கிழிந்தது படி ஓலை. மூல ஓலை இங்கே, நம் வீட்டுப் பரணில், பத்திரமாக இருக்கிறது.

பள்ளி ஆசிரியரான நாம் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. பாடநூலின் முகப்பில், தீண்டாமை பெருங்குற்றம் என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் ஒரே குரலில் படிக்கின்றனர். மாலை மணி அடித்ததும் ஒரு கூட்டம் ஊருக்கும், மறு கூட்டம் காலனிக்குமாகப் பிரிகிறது. பெயர்ப்பலகையில் எந்தச் சொல்லை அழித்தாலும் பாதை இரண்டாகவே இருக்கிறது. காலையில் நாம் கற்பித்ததை மாலையில் தெரு அழித்துவிடுகிறது.

அன்று நம் ஊர் அவை ஓலையைப் பார்த்தது, மனிதனைப் பார்க்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. அவையில் இன்று அமர்ந்திருப்பவர் நாமே — பெற்றோர், ஆசிரியர், ஊரார். மறு தீர்ப்பு எழுதுவோம்! மூல ஓலையைக் கிழிப்போம்!