நேர்முகத் தேர்வுக்குப் போகும் கமக்காரரின் பிள்ளைக்கு

வயலையும் வளவையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் அழைப்புக் கடிதங்களுள் காப்புறுதிக் கம்பனியின் கடிதமும் ஒன்று. கடிதம் கைக்கு வந்ததும் தாய் தகப்பன் நல்ல சேட்டும் சப்பாத்தும் தேடத் தொடங்குகிறார்கள். கடன்பட்டு ரை வாங்க வேண்டியதில்லை. தோய்த்து மினுக்கிய உடுப்புப் போதும். மெய்யான ஆயத்தம் வேறு இடத்தில் இருக்கிறது.

அழைப்பு எந்த வேலைக்கு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். கந்தோரில் இருந்து பத்திரமும் கணக்கும் பார்ப்பவருக்கு மாதச் சம்பளம் உண்டு. முகவர் அப்படியல்ல. அவர் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தங்களுக்கு ஏற்பத் தரகுப்பணம் பெறுகிறார். ஒப்பந்தம் சேராத மாதத்தில் பஸ் காசும் அவருடையதே. இலங்கையில் முகவர்களும் கம்பனிகளும் 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். அத்துடன், 2011 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஆயுட் காப்புறுதியையும் பொதுக் காப்புறுதியையும் ஒரே கம்பனி நடத்த முடியாது. ஆகவே உங்களை அழைத்த கம்பனி இவற்றுள் எதைச் செய்கிறது என்று தெரியாமல் வாசற்படி ஏறாதீர்கள்.

இடப்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்திலும், க.பொ.த. பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்திலும் இன்றே விண்ணப்பியுங்கள்.

"காப்புறுதி என்றால் என்ன?" என்று கட்டாயம் கேட்பார்கள். புத்தக வசனத்தை ஒப்புவிப்பவரை அவர்கள் நாளாந்தம் காண்கிறார்கள். எமது ஊர்களில் இருந்த மரண உதவிச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் சிறு தொகை கட்டினோம். சாவீடு நேர்ந்த குடும்பத்துக்கு அது கைகொடுத்தது. ஆனால் ஊர் முழுவதும் ஒரே நாளில் இடம்பெயர்ந்தபோது சங்கத்தால் என்ன செய்ய முடிந்தது? இழப்பு எல்லாருக்கும் ஒன்றாக வந்தால் சிறிய சேமிப்புத் தாங்காது. கம்பனிகள் வேறு பெரிய கம்பனிகளிடம் மறுகாப்புறுதி செய்வது அதனாலேயே. நெற்பயிர்க் காப்புறுதியும் உங்களுக்குப் புதிதல்ல. அது 1958 இல் எமது நாட்டில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் பின்னர் கமத்தொழில் காப்புறுதிச் சபையின் பொறுப்பானது. இவற்றைச் சொல்லும் பிள்ளை, கமக்காரரின் பிள்ளை என்பதை மறைக்க வேண்டிய அவசியம் என்ன?

அடுத்து வரும் கேள்வியைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். "உமக்கு எத்தனை பேரைத் தெரியும்? நூறு பெயர் எழுதித் தாரும்" என்பார்கள். பிள்ளையும் மாமா, சித்தி, முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள் என்று எழுதும். கம்பனி வாங்குவது பிள்ளையின் திறமையை மட்டுமல்ல, அதன் மேல் இனசனம் வைத்திருக்கும் நம்பிக்கையையும்தான். முகவருக்கு முதலாம் ஆண்டுக் கட்டணத்திலேயே தரகு கூட. ஆயுட் காப்புறுதி எடுத்தவர் தொடக்க ஆண்டுகளிலேயே கட்டாமல் விட்டால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பாது. சித்தி ஆறு மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால் பிள்ளைக்குத் தரகு கிடைத்திருக்கும், சித்திக்கு ஒன்றும் இராது. பிறகு எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படலையைத் திறப்பது?

அதற்காக இந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர்களைக் கேட்டால், "ஆட்களைத் தெரியும், அவர்களுக்குக் காசு எப்போது வரும் என்பதும் தெரியும்" என்று சொல்லுங்கள். வயல் செய்பவரிடம் மாதாமாதம் பணம் இருப்பதில்லை. பெரும்போகமும் சிறுபோகமும் வெட்டி நெல் விற்ற பின்னரே கையில் காசு புழங்கும். அவருக்கு மாதக் கட்டணத்திலும் அரையாண்டுக் கட்டணம் பொருந்தும் என்று விளக்கக்கூடிய பிள்ளையைப் பட்டணத்துப் பிள்ளைகளிடையே தேடிப் பிடிப்பது கடினம். நல்ல முகாமையாளர் அதைக் குறித்துக்கொள்வார்.

நோயைப் பற்றியும் கேட்கலாம். நீரிழிவு உள்ள மாமிக்கு "நோய் எதுவுமில்லை" என்று படிவத்தில் எழுதினால், மாமி இறந்த பின் கம்பனி பணம் தர மறுக்க இடமுண்டு. அப்படி எழுதச் சொல்லும் மேலதிகாரி இருந்தால் என்ன செய்வீர் என்பதை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு போங்கள். மீளக்குடியேறிய ஊர்களில் இன்னொரு கேள்வி காத்திருக்கும்: "எங்கள் வீடு ஷெல்லில் உடைந்தபோது யார் தந்தது?" போரினால் வரும் அழிவைச் சாதாரண வீட்டுக் காப்புறுதி ஏற்பதில்லை. இதை மழுப்பாமல் சொல்லப் பழகுங்கள்.

முடிவில், "நீர் ஏதாவது கேட்க விரும்புகிறீரா?" என்பார்கள். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சம்பளம் உண்டா, தரகு மட்டுமா, மாத இலக்கு எவ்வளவு, இலக்கு எட்டாவிட்டால் என்ன நடக்கும், பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் யார் செலவு என்று கேளுங்கள். விடையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அன்றைக்கே ஒப்பமிடும்படி நெருக்கினால், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று பத்திரத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.