ஏரியல் ஒடிந்தால் என்ன?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

குறையே இல்லாத கருவியால்தான் பயனுண்டு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டது. அது சரிதானா? விண்வெளியில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது.

2011 ஆகஸ்ட் 3 அன்று ருஷ்ய வீரர்கள் செர்கேய் வோல்கோவும் அலெக்சாந்தர் சமோகுத்யாயெவும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வந்து, ‘அரிஸ்சாட்-1’ என்னும் கோளைக் கையாலேயே விண்ணில் விட ஆயத்தமாயினர். சுமார் 30 கிலோ எடையுள்ள அக்கோள், ஹாம் வானொலி ஆர்வலர்களுக்காகவும் மாணவர்களுக்காகவும் செய்யப்பட்டது. ஆனால் இரண்டு ஏரியல்கள் இருக்க வேண்டிய அதில் ஒன்றுதான் கண்ணுக்குத் தென்பட்டது! பணி நின்றது, தரையிலிருந்த வல்லுநர்கள் கூடி ஆலோசித்தனர்.

இங்கே சிறு கணக்கொன்று போடலாம். கோள் தரைக்குப் பேசும் அலை 145.95 மெகாஹெர்ட்ஸ், அதன் கால் அலைநீளம் 51 சென்டிமீட்டர். தரையிலிருந்து அது வாங்கும் அலை ஏறத்தாழ 435 மெகாஹெர்ட்ஸ். கால் அலைநீளம் 17 சென்டிமீட்டர்தான். தென்படாதது வாங்குவதற்கான சிறிய ஏரியல். அதாவது, காது மந்தமாயிற்று, வாய்க்குப் பழுதில்லை.

எனவே கோள் விடப்பட்டது. பல மொழி வாழ்த்துகளையும் படங்களையும் அளவீடுகளையும் அது அனுப்பிற்று. பின்னர் மின்கலம் கெட்டபோதும், வெயில் பட்ட வேளைகளில் பேசிற்று. 2012 ஜனவரி 4 அன்று காற்று மண்டலத்தில் வீழ்ந்து மறைந்தது.

பழுதோடு விட்டது பொறுப்பின்மை அல்லவா என்று சிலர் கேட்கலாம். அல்ல. அவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள், போனது எது, மிஞ்சியது எது என்று எடை போட்டார்கள். பாராமல் விடுவதுதான் பொறுப்பின்மை. பார்த்த பின்னும் பூட்டி வைப்பது வெறும் அச்சம்!

நம் ஆய்வுக்கூடங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு சானல்களில் ஒன்று கெட்ட ஆசிலோஸ்கோப் அலமாரிக்குள் போனால், அத்துடன் அதன் ஆயுள் முடிகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் போன்றோர் இக்கருவிகளை இங்கே தொடாவிட்டால் வேறெங்கே தொடுவோம்?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுதான ஒவ்வொரு கருவியிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். எது வேலை செய்யாது, எது செய்யும் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு அலமாரியைத் திறந்து, கருவியை எங்கள் கையில் கொடுங்கள்.