ஓடுபாதை நீண்டால் மட்டும் போதுமா?



மதுரையில் இருந்து முதல் வெளிநாட்டு விமானம் 2012-ல் கொழும்புக்குப் பறந்தது. இப்போது ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டுவோம் என்கிறார்கள். அதற்கு நிலம் கொடுப்பதும் நம்மைப் போன்ற விவசாயிகள்தான். மாற்று இடம் கேட்டு 2024-ல் சின்ன உடைப்பு மக்கள் போராடினார்கள். சரி, அந்த விமானத்தில் நம்ம மலையடிவாரத்துச் சப்பட்டை மாம்பழம் ஏறுமா? பறித்தால் நாலைந்து நாளில் பழுத்துவிடும் என்று கமிஷன் கடைக்காரர் சொன்ன விலைக்குத்தானே தள்ளிவிட்டு வருகிறோம்!

பழ ஈ இருந்ததால் 2014-ல் ஐரோப்பா நம் நாட்டு மாம்பழத்துக்குத் தடை போட்டது. வெந்நீரில் முக்கி, சோதனை போட்டு அனுப்ப ஏற்பாடு செய்த பிறகுதான் 2015-ல் தடை நீங்கியது. 2025 மே மாதம் மும்பையில் இருந்து போன 15 சரக்கு மாம்பழத்தை, பேப்பரில் குறை என்று அமெரிக்கா ஏற்க மறுத்தது. விமானமா இல்லை, ஓடுபாதையா இல்லை? பழம் குப்பைக்குப் போச்சு!

வெந்நீர்த் தொட்டி, குளிர் அறை, சான்று கொடுக்கும் அதிகாரி மூன்றும் வத்திராயிருப்பு வட்டாரத்திலேயே வேண்டும். அதுவும் ஏற்றுமதி முதலாளி கையில் அல்ல, விவசாயிகள் கூட்டுறவு கையில்! கான்சாபுரம் சுற்றுவட்டார விவசாயிகளே, அடுத்த குறைதீர்க்கும் நாளில் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு ஆளுக்கொரு மாம்பழத்தோடு வாருங்கள்!