‘சர்வர் பிராப்ளம்’ என்பது பதில் ஆகுமா?

‘சர்வர்’ என்றால் என் வயதுக்காரர்களுக்கு 1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ நாகேஷ்தான் நினைவுக்கு வருவார். இன்றோ எந்தக் கவுண்டருக்குப் போனாலும் “சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க” என்கிறார்கள். நாமும் ஏன் என்று கேட்காமல் திரும்பி வந்துவிடுகிறோம். இது சரிதானா?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஸ்ரீசைலம் யாத்திரைக்கு நம் இளைஞர்களே இணையப் பக்கம் அமைத்து சீட்டு கொடுத்தார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் புறப்படும் நாள் விடியற்காலை, 14-ஆம் நம்பர் இருக்கைக்கு இரண்டு பேர் சீட்டோடு நின்றார்கள். ஒருவர் கைக்குழந்தையோடு வந்த பெண். மற்றவர் எழுபதைத் தாண்டிய மாமி. பஸ்ஸில் வேறு இடமில்லை. “பரவாயில்லை, சுவாமி இன்னொரு தடவை கூப்பிடுவார்” என்று சொல்லி மாமி பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

“சர்வர் பிராப்ளம் அங்கிள். ரீஸ்டார்ட் பண்ணிட்டோம், இப்ப ஓகே” என்றார்கள் பிள்ளைகள்.

ரயில்வே சிக்னல் பிரிவில் நான் கற்ற முதல் பாடம், தானாக மறைந்த கோளாறு தானாகவே திரும்பியும் வரும் என்பது. ஆகவே அவர்களோடு உட்கார்ந்தேன். ஸ்டேஷனில் சிக்னல் பழுதானால் முதலில் பதிவேட்டைப் பார்ப்போம். சர்வரும் ‘லாக்’ என்ற பதிவேட்டை மணி, நிமிஷம், விநாடியோடு எழுதி வைக்கிறது. அதைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. இரண்டு பேர் ஒரே விநாடியில் 14-ஆம் இருக்கையைக் கேட்டிருக்கிறார்கள். “காலியா?” என்று புரோகிராம் டேட்டாபேஸைக் கேட்டது. “காலி” என்று இருவருக்கும் பதில் வந்தது. இருவர் பெயரும் பதிவாயின. கேட்பதற்கும் எழுதுவதற்கும் இடையே உள்ள சந்தில்தான் கோளாறு. ஒருவர் மட்டும் உட்கார்ந்து சோதித்தால் இது தெரியவே தெரியாது. ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது.

ஒற்றைப் பாதையில் இதே சிக்கலை ரயில்வே என்றோ தீர்த்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களில் உள்ள இரண்டு டோக்கன் கருவிகள் மின்சாரத்தால் இணைந்திருக்கும். ஒரு டோக்கன் வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை அடுத்தது வராது. டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, நம் செகந்திராபாத் ஆகிய ஐந்து ரிசர்வேஷன் மையங்களும் 1999-இல் ஒன்றாக இணைந்தன. 2002-இல் இணையத்திலும் டிக்கெட் வந்தது. எந்த ஊரிலிருந்து கேட்டாலும் ஒரு பெர்த்தை இருவருக்கு உறுதி செய்யாமல் இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

நம் பக்கத்துக்கும் அதே மருந்துதான். பணம் கட்டுவதற்கு முன்பே இருக்கையை ஒருவர் பெயரில் நிறுத்தி வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் பணம் வராவிட்டால் விடுவிக்க வேண்டும். பஸ் நம்பர், இருக்கை நம்பர் இரண்டும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்ற ‘யூனிக்’ கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே போட்டுவிட்டால், புரோகிராம் தவறினாலும் டேட்டாபேஸ் மறுத்துவிடும்.

இன்னும் இரண்டு கோளாறுகள் அகப்பட்டன. தமிழில் எழுதிய பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறியிருந்தன. பக்கம், டேட்டாபேஸ், இரண்டுக்கும் இடையேயான இணைப்பு மூன்றிலும் யூனிகோட் அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே இணைப்பில் இல்லை. கேள்விக்குறியாகப் பதிந்த பெயரை அதிலிருந்து மீட்கவும் வழியில்லை. அடுத்து, உறுப்பினர் பட்டியல் திறக்க நெடுநேரம் ஆனது. தேடும் நம்பருக்கு ‘இண்டெக்ஸ்’ இல்லாததால் ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருந்தது. ‘எக்ஸ்பிளைன்’ என்ற ஒரு கட்டளை கொடுத்ததும் டேட்டாபேஸே இதைச் சொல்லிவிட்டது. இதற்கும் “சர்வர் ஸ்லோ” என்றுதான் இத்தனை நாள் பெயர்.

“ஜனங்கள் காத்திருக்கும்போது காரணம் தேட நேரம் ஏது அங்கிள்?” என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. சிக்னல் பழுதானாலும் எழுத்து மூலம் அனுமதி கொடுத்து வண்டியை விடத்தான் செய்கிறோம். ஆனால் அன்றே ஆள் போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுபோல ரீஸ்டார்ட் செய்யுங்கள், தவறில்லை. அதற்கு முன் லாகை எடுத்து வையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் பரீட்சை வேண்டாம், நகல் எடுத்து அதில் செய்யுங்கள்.

மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அப்பால் பையோடு ஒரு மாமி நிற்கிறார் என்பதை மறக்க வேண்டாம். நாமும் இனி “சர்வர் டவுன்” என்று கேட்டதும் திரும்பிவிடாமல், “என்ன கோளாறு, எப்போது சரியாகும்?” என்று மரியாதையாகக் கேட்டுப் பழகுவோம். கேட்பவர் இருந்தால்தான் காரணம் தேடுபவரும் இருப்பார்.